வெள்ளை சிலிண்டர், நீல சிலிண்டர்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவை அங்கே வேலை செய்கிறவர்கள் சனயா என்றுதான் சொல்வார்கள். 1988-இல் வண்டி ஏசி வேலைக்காக நான் அந்தச் சனயாவில் போய் இறங்கியபோது, எங்கள் கராஜில் எல்லாவற்றையும்விடத் தாராளமாகப் புழங்கிய பொருள் ஆர்-12 கேஸ். 13.6 கிலோ பிடிக்கும் வெள்ளை சிலிண்டர்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும். கண்டன்சர் தகடுகளுக்கு நடுவே மணல் அடைத்திருந்தால் கேஸைப் பீய்ச்சி ஊதுவோம். பைப்புக்குள் அழுக்கு என்றால் அதற்கும் கேஸ்தான். புதிதாக மாட்டிய லைனில் இருக்கும் காற்றை விரட்ட, ஒரு முனையில் நட்டைத் தளர்த்திவிட்டு மறுமுனையில் சிலிண்டரைத் திறப்போம். வேலைக்கு வந்த வண்டியில் மிச்சமிருக்கும் கேஸைப் பிடித்து வைக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. பைப்பைக் கழற்றினால் புஸ்ஸென்று வெள்ளையாகக் கிளம்பும், விரல் மரத்துப்போகும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். சனயா முழுக்க அப்படித்தான். அந்த நாளில் ஏசி வேலை நடந்த எல்லா ஊரிலும் அப்படித்தான்.

எங்கள் தலைமை மெக்கானிக் கீழக்கரைக்காரர். மூத்தவர் என்பதால் தமிழ்ப் பையன்களுக்கு அவர் காக்கா, பாகிஸ்தானிகளுக்கு உஸ்தாத். அவர் லீக் பார்ப்பதற்கு ஒரு டார்ச் வைத்திருந்தார். சின்ன கேஸ் அடுப்பு மாதிரிச் சுடர், அதன் வாயில் ஒரு செம்புத் தகடு, பக்கவாட்டில் ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியை ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கு அடியிலும் மெதுவாகக் கொண்டுபோவார். கேஸ் கசிகிற இடத்தில் நீலச் சுடர் பச்சையாகிவிடும். அதைப் பார்க்கவே நாங்கள் கூடி நிற்போம். ஆர்-12 அந்தச் சுடரின் சூட்டில் சிதையும்போது பாஸ்ஜீன் உண்டாகும் என்பதும், முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்தவர்களைக் கொன்ற விஷவாயு அதுதான் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காக்கா மட்டும் விரட்டிக்கொண்டே இருப்பார். “மூஞ்சியக் கிட்ட கொண்டாராதீங்கப்பா. தள்ளி நில்லுங்க. தொண்டையப் புடிச்சுக்கும்.” எந்தப் புத்தகமும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவர் தொண்டை சொல்லித் தந்தது.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் பிக்கப் வண்டிகள், அதிலும் டொயோட்டா ஹைலக்ஸ். கட்டட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. முன்னால் கேபினில் டிரைவரும் ஃபோர்மேனும். பின்னால் தட்டில், சுடுகிற இரும்பின்மேல் சாக்கை விரித்து, தலையில் நனைத்த துண்டைக் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர். அதில் நம் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், ஆந்திராக்காரர்கள், ராஜஸ்தான்காரர்கள், பெஷாவர் பக்கத்தவர்கள் இருப்பார்கள். ஆகஸ்டு மாதம் அங்கே நிழலிலேயே 45 டிகிரியைத் தொடும். கடல் ஈரம் வேறு. ஏசி நின்றுவிட்டால் ஃபோர்மேன் அன்றைக்கே வண்டியைக் கொண்டுவந்து விடுவார். தட்டில் இருந்தவர்களுக்கு அது போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

வேலை முடிந்து டெஸ்ட் பண்ணும்போது கேபின் கதவு திறந்திருக்கும். தட்டிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து வென்ட்டுக்கு நேராகக் கையை நீட்டுவார்கள். சிலர் முகத்தையே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். ராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருவர் ஒவ்வொரு முறையும், “தம்பி, உள்ள எத்தன டிகிரி வருது?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போவார். காக்கா யாரையும் அவசரப்படுத்த மாட்டார். எல்லாம் சரியான பிறகும் இஞ்சினை அணைக்காமல் கேஜைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கடைசி ஆளும் கையை எடுத்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். ஏசி என்பது ஆடம்பரம் என்று இன்றைக்கும் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது அந்தக் கைகளை நினைத்துத்தான்.

நாங்கள் அள்ளி இறைத்த அந்த கேஸுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கெட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. 1920-களில் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஓடியவை அமோனியா, கந்தக டைஆக்சைடு, மீதைல் குளோரைடு. குழாய் கசிந்தால் தூக்கத்திலேயே குடும்பத்தோடு செத்தவர்கள் உண்டு. அதற்கு மாற்றாகத்தான் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் தன் குழுவோடு, ஃப்ரியான் என்று பெயர் பெற்ற இந்த கேஸை உருவாக்கினார். 1930-இல் வேதியியலாளர்கள் கூடிய அவையில் அதை வாய் நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமுமில்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாமே. அதே கேஸை நம்பித்தான் வண்டிக்குள் ஏசி வந்தது. 1939-இல் பேக்கார்டு கார் கம்பெனி அதைக் கொண்டுவந்தபோது கூலிங் காயில் டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் இஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

அந்த கேஸ் மேலே போய் என்ன செய்கிறது என்பதை மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-இலேயே சொல்லிவிட்டார்கள். எதோடும் சேராத குணம்தான் அதற்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. அதே குணத்தால்தான் அது கீழே எங்கும் அழியாமல் ஓசோன் படலம் வரை போய்ச் சேர்கிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைத் தின்றுவிடும். 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் பெரிதாக மெலிந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில், இந்த வகைக் கேஸ்களைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திட்டன. நான் சனயாவுக்குப் போனது அதற்கு அடுத்த ஆண்டு. உலகம் முடிவெடுத்துவிட்டது, எங்கள் கராஜ் சுவருக்கு அந்தச் செய்தி வந்துசேரப் பல வருஷம் ஆயிற்று.

ஆர்-12 வானத்தில் சுமார் 100 ஆண்டு தங்கும். 1988-இல் சனயாவில் பைப்பைக் கழற்றியபோது கிளம்பியதில் பெரும்பகுதி இன்றும் மேலே இருக்கிறது. அந்த பைப்பைக் கழற்றியவர்களில் பலர் இன்று இல்லை. காக்காவும் இல்லை.

இத்தனையையும் இப்போது எழுதத் தூண்டியது ஒரு வண்டி. எங்கள் அர்பாபின், அதாவது முதலாளியின், பேரன் அல் தைத் பக்கம் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த தாத்தாவின் ஹைலக்ஸை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். 1990 மாடல், ஒற்றை கேபின், 22ஆர் பெட்ரோல் இஞ்சின். பாடி வேலை, பெயின்ட், சீட் எல்லாம் வேறு இடத்தில் பார்த்து முடித்திருந்தான். தாத்தா ஓட்டியபோது எப்படிக் குளிர்ந்ததோ அப்படிக் குளிர வேண்டும், புது வண்டியின் ஏசியைக் கொண்டுவந்து திணிக்கக் கூடாது, டேஷ்போர்டில் இருக்கிற அதே தள்ளு பட்டன்தான் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். எனக்குப் பிடித்த கோரிக்கை. பழசைத் தூக்கி எறிய யாராலும் முடியும்.

இப்போது என்னிடம் வேலை பழகும் பையன் திருவாடானைக்காரன், கெட்டிக்காரன். பானட்டைத் திறந்ததும், “மாமா, கொஞ்சம் கேஸ் அடிச்சுப் பாத்துருவமா? எங்க போகுதுன்னு தெரிஞ்சுரும்” என்றான். எங்கள் காலத்தில் அதுதான் முதல் வேலை. இப்போது அது கடைசி வேலை. இரண்டு கேஜும் பூஜ்யத்தில் நின்றன. எப்போதோ எல்லாம் போய்விட்டிருந்தது. பிடித்து வைக்க ஒன்றுமில்லை.

முதலில் கம்ப்ரசர். மேலே ஒட்டியிருந்த தகட்டில் நிப்பான்டென்சோ என்று பழைய பெயர் இருந்தது. 1996-இல்தான் அது டென்சோ ஆனது. கிளட்ச் தட்டைக் கையால் சுற்றினேன். சீராகச் சுற்றியது, எங்கும் பிடிக்கவில்லை. பேரிங் மட்டும் கரகரத்தது. கம்ப்ரசரை இறக்கிக் கவிழ்த்து எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தோம். பழைய ஏசி வேலையில் தீர்ப்பு சொல்லும் நிமிஷம் அதுதான். எண்ணெய் கறுத்து, உள்ளே வெள்ளித் தூள் மினுங்கினால் கம்ப்ரசர் தன்னைத்தானே அரைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூள் கண்டன்சர் வரைக்கும் போயிருக்கும், எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். இதில் வந்த எண்ணெய் மஞ்சளாக, தெளிவாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆன கம்ப்ரசரைக் காப்பாற்றிவிடலாம் என்று தெரிந்தது. பையனிடம் அந்தத் துணியைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு இருந்த சந்தோஷம், வண்டிக்காரனுக்குக்கூட இருந்திருக்காது.

ஓடாமல் கிடந்த கம்ப்ரசரில் முன்பக்க ஷாஃப்ட் சீல் காய்ந்துபோகும். ஓடும்போது எண்ணெய் நனைத்துக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர். அதனால்தான் குளிர்காலத்திலும் மாதம் ஒருமுறையாவது ஏசியைக் கொஞ்ச நேரம் போடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறோம். சீலையும் பேரிங்கையும் மாற்றினோம். பிறகு நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு சோப்பு நுரையோடு இறங்கினோம். பச்சைச் சுடர் போனபின் எங்களுக்கு எலக்ட்ரானிக் கருவிகள் வந்தன, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் வந்தது. ஆனாலும் நைட்ரஜனும் சோப்பு நுரையும் பொய் சொல்லாது. அதற்கும் முன்னால் கண் பார்க்க வேண்டியது எண்ணெய்ப் பிசுக்கு. கேஸோடு எண்ணெயும் கசியும், அதில் தூசி ஒட்டும். கண்டன்சரின் அடியில், ரப்பர் குஷன் உட்கார்ந்திருக்கும் மூலையில், விரலளவுக்குக் கறுப்பாக ஒரு படிவு இருந்தது. குஷனுக்குள் ஈர மணல் வருஷக்கணக்கில் தங்கி அலுமினியத்தைத் தின்றிருந்தது. நுரை அங்கேதான் பொங்கியது.

பிறகு உள்ளே. டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் அதற்குப் பின்னால் கூலிங் காயில் பெட்டி. வெளியே இழுத்துத் திறந்தோம். காயிலின் முகப்பு தெரியவே இல்லை. பாலைவனத்தின் செம்மண் தூசியும், சீட் பஞ்சும், டேஷ்போர்டு பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சப்பட்ட காகிதத் துணுக்குகளும் ஈரத்தில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறித் தடித்த ஒரு படலமாக ஒட்டியிருந்தன. கத்தியால் ஓரத்தை நெம்பியதும் முழுசாக உரிந்து வந்தது. தண்ணீர் வெளியேறும் துளையையும் அதுவே அடைத்திருந்தது; கேபின் தரைத் தகடு துருப்பிடித்ததற்குக் காரணம் அதுதான். அந்தப் பெட்டியின் மேலேயே ஏசி ஆம்ப்ளிஃபையர் என்ற சின்ன எலக்ட்ரானிக் டப்பா இருக்கும். காயில் உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் கிளட்ச்சை விடுவிப்பது அதன் வேலை. திறந்து வெளிச்சத்தில் பிடித்தால், ரிலே கால்களைச் சுற்றி ஈயப்பற்றில் மயிரிழை போல வளையமாக விரிசல். சால்டரிங் அயர்னை வைத்து எடுத்த பிறகு கிளட்ச் ‘டக்’கென்று பிடித்தது. ‘ஏசி அடிக்கடி நின்னு நின்னு போகுது’ என்று வருகிற பழைய வண்டிகள் பலவற்றுக்கு மருந்து இந்த ஒரு துளி ஈயம்தான். அது தெரியாமல் கம்ப்ரசரையே மாற்றிவிடுகிறார்கள்.

கேஸை மாற்றுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நம் ஊரிலும் நிறைய ஏமாற்று நடக்கிறது. பழைய ஆர்-12 வண்டியில், அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓடும். ஆனால் அப்படியே ஏற்றினால் ஓடாது. பழைய மினரல் எண்ணெய் புதிய கேஸோடு கலக்காது. கேஸ் ஓடும், எண்ணெய் ஏதோ மூலையில் தங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்து சாகும். அதனால் பழைய எண்ணெயை வடித்து, லைன்களைக் கழுவி, எஸ்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். புது வண்டிகளுக்கு வரும் பிஏஜி எண்ணெய்க்கு ஆர்-12 விட்டுப்போன குளோரின் மிச்சம் ஒத்துக்கொள்ளாது, எஸ்டர் பொறுத்துக்கொள்ளும். கறுப்பு ஓ-ரிங்குகளுக்குப் பதில் பச்சை ஓ-ரிங். டிரையர் கட்டாயம் புதிது. அதுவும் மற்ற எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் அதன் மூடியைத் திறக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சத்தான் அதற்குள் சரக்கு இருக்கிறது. திறந்து வைத்தால் சனயாவின் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே மெல்லக் கசியும். எனவே உள்ளே நைலான் படலம் உள்ள ஹோஸை வெட்டி, பழைய முனைகளிலேயே கிரிம்ப் பண்ணினோம். கேஸ் ஏற்றும் வாய்களில் ஆர்-134ஏவுக்கு உரிய அடாப்டர், பானட்டுக்கு அடியில் ‘இதில் இன்ன கேஸ், இன்ன எண்ணெய், இத்தனை கிராம்’ என்று ஸ்டிக்கர். அடுத்து கை வைக்கிறவன் குழம்பக் கூடாது.

ஆர்-134ஏவில் தலைப்பக்க அழுத்தம் ஏறும். அதனால் கண்டன்சர் பழைய வடிவத்தைவிட வெப்பத்தை நன்றாக விடும் பேரலல் ஃப்ளோ வகையாக இருந்தால்தான் 45 டிகிரியில் தாங்கும். பேரன் இதற்கு மட்டும் முகம் சுளித்தான். அசல் மாதிரி இல்லையே என்றான். கிரில்லுக்குப் பின்னால் கறுப்பாக இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நானும், தாத்தா இருந்தால் குளிரத்தான் சொல்லியிருப்பார் என்று பையனும் சொன்னோம். ஒப்புக்கொண்டான்.

வேக்கம் பம்ப்பைப் போட்டுவிட்டு மதியம் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காற்றை இழுப்பது மட்டும் அதன் வேலை அல்ல. வெற்றிடத்தில் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் அப்படித்தான் வெளியேறும். அந்த ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். பம்ப்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் தேர்வு. 1988-இல் எங்களிடமும் வேக்கம் பம்ப் இருந்தது. ஃபோர்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அதை எடுக்க நேரம் இருக்காது. இப்போது எடுத்துக்கொள்கிற இந்த நேரம்தான் இரண்டு காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

ஆர்-134ஏ இருக்கும் நீல சிலிண்டரைத் தராசில் வைத்து எடை பார்த்து ஏற்றினோம். பழைய ஸ்டிக்கரில் உள்ள ஆர்-12 எடையில் 80 முதல் 85 சதவீதம்தான் ஆர்-134ஏ போக வேண்டும். பழைய மெக்கானிக்குகள் டிரையர் தலையில் உள்ள கண்ணாடியில் குமிழி மறையும் வரை ஏற்றுவோம்; இந்தக் கேஸுக்கு அந்தக் கண்ணாடியை நம்பினால் அதிகமாகிவிடும். கீழ்ப்பக்கம் 30 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலே, தலைப்பக்கம் 250 பக்கம். கேஜ் எல்லாம் சரி. ஆனால் வென்ட்டில் 15 டிகிரி. கேஸைக் கூட்டச் சொல்லிக் கை துடிக்கும் இடம் இது. நான் பானட்டுக்குள் போய் ஹீட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஹீட்டர் தண்ணீர் வால்வு முழுசாக மூடவில்லை. இஞ்சினின் கொதிநீர் கேபின் பெட்டிக்குள் ஓடிக்கொண்டு, காயில் குளிர்வித்த காற்றை மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்தது. சின்ன வால்வு, சில்லறை விலை. மாற்றியதும் 8 டிகிரிக்கு இறங்கியது. வெளியே 42. பையன் வென்ட்டுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நான் இஞ்சினை அணைக்கவில்லை.

அந்த நீல சிலிண்டரும் கடைசி நிறுத்தம் இல்லை. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்கும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ, கரியமில வாயு 1,430 கிலோவுக்குச் சமம். ஒரு பிக்கப்பில் இருக்கும் 600, 700 கிராம் வெளியே போனால் ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு போன மாதிரி. குளிருக்காக நாம் செய்வதே வெயிலைக் கூட்டுகிறது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் கூடி, இந்த வகைக் கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. கடும் வெயில் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம். நான் பிறந்த இந்தியாவும் உழைத்த அமீரகமும் அந்த ஒரே வரிசையில் இருக்கின்றன. 2028-லிருந்து அளவு கூடக் கூடாது, 2032-லிருந்து குறைய வேண்டும். இந்தத் திட்டம் கைகூடும் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. வெள்ளை சிலிண்டரை உலகம் நிறுத்தியது. அதன் பலனாக, அண்டார்டிகா போன்ற துருவப் பகுதிகள் தவிர மற்ற இடங்களில் ஓசோன் படலம் 2040 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்று 2023-இல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். அண்டார்டிகாவுக்கு 2066 ஆகும். நாங்கள் கைவிட்ட பழக்கத்துக்கு வானம் பதில் சொல்கிறது.

பேரன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். டிசம்பர், ஜனவரியில் நண்பர்களோடு பாலைவனத்துக்கு ஓட்டிப் போவான். அப்போது அங்கே இரவில் கம்பளி வேண்டும். தாத்தாவின் வண்டியைக் காப்பாற்றியவனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மரியாதை பெரியது. ஆனால் அவன் வண்டியை எடுத்துப்போன அதே நாளில், சனயா ரோட்டில், சாப்பாட்டுப் பெட்டியை முதுகுப்பக்கம் கட்டிக்கொண்டு பையன்கள் வெயிலில் மோட்டார் சைக்கிள்களில் வரிசையாகப் போனார்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு. நல்ல சட்டம், எங்கள் காலத்துத் தட்டு ஆட்களுக்கு அது கிடைக்கவில்லை. குளிர் தேவைப்படுகிறவனுக்கும் குளிர் கிடைக்கிறவனுக்கும் நடுவில் இருந்த கேபின் சுவர் இன்னும் முழுசாக இடியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன். நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் “கேஸ் கொறஞ்சிருக்கு சார், ஏத்திவிட்டாப் போதும்” என்கிறார்கள். வண்டி ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. சில மாதத்திலேயே குளிர் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைப் பார்க்காமல் ஏற்றினால் உங்கள் பணமும் அதே வழியில் போகும். அடுத்த முறை போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: லீக் எங்கே, இருக்கிற கேஸை மெஷினில் பிடிப்பீர்களா, எத்தனை கிராம் ஏற்றப் போகிறீர்கள்? சிலிண்டரில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2011-இல் வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட கப்பல் குளிர்ப்பெட்டிகள் சில வெடித்து ஆட்கள் இறந்ததற்குக் காரணம், ஆர்-134ஏ என்று விற்கப்பட்ட கேஸில் மீதைல் குளோரைடு கலந்திருந்ததுதான்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய லாரிகளின் டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி இந்தியாவில் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் அது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றி வருகிற, ராமேஸ்வரத்திலிருந்து மீன் ஏற்றிப் போகிற சின்ன பிக்கப்புகள் அந்த எடைக்குக் கீழே நின்றுவிடுகின்றன. மே மாதத்தில் அந்தக் கேபினில் இஞ்சின் சூட்டோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த விதியை அவர்களுக்கும் நீட்ட வேண்டும்.